கதவை மறைத்த ஆப்பிள் பெட்டிகள்

போன மாதம் என் மகளின் அறையை ஒழுங்குபடுத்த இறங்கினேன். கைபேசியில் ஒரு காணொளி பார்த்ததன் விளைவு. செலவில்லாமல் பிள்ளைகளின் அறைக்கு அலமாரி செய்வது எப்படி என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். அவள் கத்திக்கு அட்டைப்பெட்டி வாழைத்தண்டு மாதிரி அறுபட்டது. எனக்கு முதல் பெட்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டாவதில் விரலை வெட்டிக்கொண்டேன். மூன்றாவதைத் தூக்கி நிறுத்தியபோது, ஒன்பது வயதுக்காரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இது இப்பளே விழுமா, நான் ஸ்கூலுக்குப் போன பொறவு விழுமா?" என்று கேட்டாள்.

நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தன் பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை எங்களுக்குத் தந்திருக்கிறார். மகளின் அறையில் அவர்கள் பக்கம் போகும் கதவு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டுக் கிடக்கும். என் கணவர் உதவி செய்கிறேன் என்று வந்து பெட்டிகளை அந்தக் கதவை ஒட்டி அடுக்கினார்.

"இங்கன வச்சா கதவும் மறையும், இடமும் மிச்சம்" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் இழுத்து ஜன்னலுக்கு அடியில் போட்டேன். அன்று சாயங்காலமே சாரல் அடித்தது. என் அலமாரி, ஊறிய பப்படம் மாதிரி மெல்ல உட்கார்ந்தது. "விழுந்தாச்சு" என்று மகள் வந்து அறிவித்தாள்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நனைந்த அட்டைக்கும் பசைக்கும் சேர்ந்து ஒரு மணம் உண்டு, கவனித்திருப்பீர்கள். லேசாகப் புளித்த மணம். எங்கள் அம்மா மைதாமாவைக் கிண்டிப் பசை காய்ச்சும்போது அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள், கரப்பான் வராமலிருக்க. அந்தப் பசையை வைத்துத்தான் அவள் என் அறைக்கு ஓர் அலமாரி செய்தாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவும் ஒரு கதவை மறைக்கச் செய்த அலமாரிதான்.

எங்கள் வீடு கருங்கலுக்குப் பக்கத்தில் இருந்தது. நீளமான ஓட்டு வீடு. தாத்தா காலமானபிறகு அதை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் வைத்தார்கள். அப்பா டெம்போ ஓட்டி வாழைக்குலை ஏற்றுவார். சித்தப்பா சின்னத் தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். அவர்கள் பக்கக் கொடியில் எப்போதும் ஷீட் காயும். அந்த நாற்றம் எங்கள் பாதிக்கும் வரும். அதற்குப் பாகம் வைக்க முடியவில்லை.

பத்திரத்தில் போட்ட கோடு நடு அறையின் வாசல்படி வழியாகப் போனது. வாசலுக்கு இந்தப் பக்கம் நடு அறை, அது என் அறை. அந்தப் பக்கம் சித்தப்பா மகள் ஜெசியின் அறை. நானும் அவளும் ஒரே வயது, ஒரே வகுப்பு. வாசலை அடைத்துச் சுவர் வைக்க வேண்டும். சுவரின் கனம் ஒன்பது இஞ்சு. அந்த ஒன்பது இஞ்சு யாருடைய பாதியில் நிற்கும் என்பதில் எல்லாம் நின்றது. ஆளுக்கு நாலரை இஞ்சு விட்டால் முடிந்துவிடும் என்று நானும் ஜெசியும் கணக்குப் போட்டு அவரவர் அப்பாவிடம் சொன்னோம். ஆளுக்கு ஓர் அறை கன்னத்தில் கிடைத்தது. சுவர் வரவில்லை. இருந்த மரக்கதவை இரண்டு பக்கமும் பூட்டினார்கள்.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் நடந்ததை நான் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. சிலதைச் சொல்கிறேன். கூரைத் தண்ணீர் எங்கள் முற்றத்தில் விழுகிறது என்று அப்பா கேட்கப்போனார். பேச்சு வளர்ந்து, சித்தப்பா அப்பாவின் தோளைக் கடித்தார். முப்பத்தைந்து வயது மனிதர், கடைசிவரை விடாமல் கடித்துக்கொண்டிருந்தார். பல் பதிந்த இடம் பழுத்து, அப்பா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். எழுந்த அன்று டெம்போவின் ஜாக்கிக் கம்பியை எடுத்துப்போய்ச் சித்தப்பாவின் தோள் எலும்பை உடைத்தார். கட்டுப் பிரித்ததும் சித்தப்பா எங்கள் குலைதள்ளிய வாழைகளைப் பட்டப்பகலில் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தார். சாயும் ஒவ்வொரு வாழைக்கும் ஒருமுறை அப்பாவின் பெயரைச் சொன்னார்.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டில் மரச்சீனிக் கிழங்கு தின்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் பிறவிக் கொலைகாரர்கள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். பாகம் வைக்கும்வரை அப்பா டெம்போவின் முன்சீட்டில் எங்களை இரண்டுபேரையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் சந்தைக்குப் போவார். ஹாரனை அழுத்தும் உரிமை ஜெசிக்கு. அவளுக்குத்தான் செல்லம்.

ஒருநாள் அம்மா சாளைக் கறி வைத்திருந்தாள். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் மீன்காரி அன்று கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தாள். சித்தி வயிற்றுப்பிள்ளை கலைந்து படுத்திருந்த நேரம். அம்மா ஒரு கிண்ணத்தில் கறி எடுத்து அடுக்களைப் பக்கத்து வேலிமேல் வைத்துவிட்டு வந்தாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளைக் கூந்தலைப் பிடித்து நடு அறைக்கு இழுத்துவந்து, பூட்டிய கதவில் அவள் தலையை மோதினார்.

"இந்தக் கதவுக்கு அங்கோட்டு உனக்கு ஆருட்டி இருக்கது? ஆரு?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மோதல். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சித்தி எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். அம்மா அழவில்லை. நெற்றியில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மக்கா, கதவு கண்ணுல படும்போத்தான் அப்பாக்குக் கலி வருது" என்றாள் என்னிடம். "நாம இத மறைச்சிருவோம்."

இப்படித்தான் அலமாரி வந்தது. கருங்கல் சந்தையில் பழக்கடைக்காரர் எறிந்த ஆப்பிள் பெட்டிகளை நானும் அம்மாவும் தலையில் சுமந்து கொண்டுவந்தோம். மெல்லிய வெள்ளைப் பலகையில் அடித்த பெட்டிகள். உள்ளே புல் கிடக்கும். அந்தப் புல்லை உதறும்போது அறை முழுக்க நான் அதுவரை தின்றிராத பழத்தின் வாசனை. அம்மா ஆணிகளைப் பிடுங்கி அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். பலகையில் நீட்டிய சிலாம்புகளை உப்புத்தாளால் தேய்த்தாள். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. உள்ளே பழைய காலண்டர் தாளை மயில்துத்தப் பசையில் ஒட்டினாள். பால்பவுடர் டின்களின் விளிம்பைத் தட்டி மழுக்கிப் பக்கவாட்டில் ஆணியடித்தாள், பென்சிலுக்கும் சீப்புக்கும். தேய்த்து மினுக்கிய சிரட்டையில் என் ஸ்லைடும் பின்னும். கம்பி ஒடிந்த குடையின் துணியை வெட்டிப் பைகள் தைத்துத் தொங்கவிட்டாள், உள்ளாடைக்கும் காலுறைக்கும். முன்னால் தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துத் திரை. காணொளிப் பெண் இதையெல்லாம் பார்த்திருந்தால் சிரிப்பதை நிறுத்தியிருப்பாள்.

கதவு காணாமல் போயிற்று. அம்மா சொன்னது உண்மையும் ஆயிற்று. கொஞ்ச நாளைக்கு அப்பா என் அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்தினார். ஒருமுறை அலமாரியைத் தடவிப் பார்த்து, மெச்சுகிற மாதிரி, "கொள்ளாம்" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் சித்தியும் அதையே செய்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் பிஸ்கட் தகரங்களை அடுக்கியிருந்தாள். இரண்டு பெண்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், ஒரே கதவை முன்னாலும் பின்னாலும் மறைத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்தது ஜெசி. கதவின் கீழ்ப்பலகையைச் சிதல் அரித்திருந்தது. அடியில் பிடித்து மேலே தூக்கினால் ஒரு சாண் உயரும். ஒருநாள் நான் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பெட்டிக்குள்ளிருந்து, "ஏட்டி" என்று ஒரு குரல் வந்தது. பயந்து எழுந்து ஓடப்போனேன். "ஏட்டி, நான்தான்" என்றது குரல். பெட்டியின் பின்பக்கத்து மெல்லிய பலகை ஒன்றைக் கழற்றினேன். ஜெசியின் கை நுழைந்தது. அதில் பாதி நெல்லிக்காய் இருந்தது, கடித்த பாதி.

பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். வழியில் பேச மாட்டோம், யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஓர் ஓரமாக நடப்போம். வீட்டுக்கு வந்ததும் இரண்டுபேரும் தரையில் வயிறு அமர்த்திப் படுத்துவிடுவோம். கணக்கு அங்கிருந்து இங்கே வரும். அறிவியல் படங்கள் இங்கிருந்து அங்கே போகும், எனக்குப் படம் வரும் என்பதால். யார் வீட்டில் இன்றைக்கு யாருக்கு அடி என்ற செய்தியும் போகும். "உங்கப்பா உங்கம்மைய வாரியலால அடிச்சாரு, கேட்டியா?" என்று அவள் சொன்னால், "அது எங்கப்பா இல்ல, உங்கப்பாதான்" என்று நான் சொல்வேன். சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இருட்டில் எங்களுக்கே சிலசமயம் குழம்பும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வர வேண்டும். இவ்வளவு நேரம் பெட்டியையும் பசையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

எல்லையில் ஒரு பலாமரம் நின்றது. காலையில் சித்தப்பா எங்கள் பக்கம் சாய்ந்த கிளையில் பலாச்சக்கை வெட்டினார். அப்பா கல் எறிந்தார். சித்தப்பா மரத்திலிருந்து விழுந்து, எழுந்து வந்து, வெட்டிய சக்கைத் தண்டாலேயே அப்பாவை அடித்தார். அப்பாவின் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் ஓடியது. சித்தப்பா விழுந்ததில் கிழிந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறித் தன் ரப்பர் கடைக்குப் போய்விட்டார். மனசு ஆறாமல் அப்பா வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தார். பத்து மணி இருக்கும். நான் அறையில் இருந்தேன். இரத்தத்தைத் துடைக்கத் துணி தேடி உள்ளே வந்தவர், கீழ்ப்பெட்டியின் திரையை விலக்கினார்.

உள்ளே ஜெசியின் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. மூடியில் அவள் பெயரும், பெயருக்கு முன்னால் சித்தப்பாவின் முதல் எழுத்தும் காம்பஸால் கீறியிருந்தது.

"இது ஏதுட்டி?"

"ஸ்கூல்ல வச்சு வாங்கினேன்."

அவர் குனிந்து பார்த்தார். பெட்டியின் பின்பலகை ஒன்று இல்லாததையும் பார்த்தார். கதவுப் பலகைக்கு அடியிலிருந்து வெளிச்சம் வருவதையும் பார்த்தார். நிமிர்ந்ததும் என் வாயில் அடித்தார். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. பிறகு இரண்டு கையாலும் அலமாரியைப் பிடித்து இழுத்தார். ஒன்பது பெட்டியும் டின்களும் சிரட்டையும் என் துணிகளும் என்மேல் விழுந்தன. கதவு வெளியே தெரிந்தது. அவர் அடுக்களைக்குப் போய் வெட்டோத்தி எடுத்துவந்தார். தேங்காயும் விறகும் வெட்டும் கனத்த கத்தி அது, நுனி வளைந்திருக்கும். அம்மா அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள். அவளை உதறினார்.

"இன்னைக்கு இதத் தொலைக்கேன்" என்று மேல்பலகையில் வெட்டினார்.

நான் பெட்டிகளுக்கு நடுவே தரையில் கிடந்தேன். என் முகத்துக்கு நேரே கதவின் கீழ்ப்பலகை. அதன் அடி விளிம்பில் நான்கு விரல்கள் இந்தப் பக்கம் தெரிந்தன. ஜெசி. சத்தம் கேட்டுப் பலகையைக் கீழே இழுத்து ஓட்டையை மூடப் பார்க்கிறாள். நான் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று. பலகை சிக்கிக்கொண்டு இறங்கவில்லை.

இரண்டாவது வெட்டு நடுப்பலகையில் விழுந்தது.

நான் அந்த விரல்களைப் பார்த்தேன். "அப்பா, நிறுத்துங்க, ஜெசி கை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வார்த்தைகள். வாய் முழுக்க இரத்தம் இருந்தது. ஆனால் அதனால் அல்ல, பயத்தால்தான் பேசாமல் இருந்தேன். பேசினால் அந்தக் கத்தி என் பக்கம் திரும்பும் என்று தோன்றிற்று. அப்பா குனிந்து மூன்றாவது வெட்டைக் கீழ்ப்பலகையில் இறக்கினார்.

கத்தியது சித்தி. ஜெசியின் சத்தமே வரவில்லை. அப்பா ஒரு கணம் கத்தியைப் பிடித்தபடி நின்றார். பிறகு கீழே பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். வெட்டோத்தியை எறிந்துவிட்டுத் தோளால் கதவை மோதினார். அதற்குள் சித்தி ஜெசியைப் பின்னால் இழுத்துவிட்டாள். மூன்றாவது மோதலில் கதவு பிய்ந்து அந்தப் பக்கம் பிஸ்கட் தகரங்கள்மேல் விழுந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக்குள் கால் வைத்தார். என் பள்ளிக்கூடத் தாவணி தரையில் கிடந்தது. அதை எடுத்து ஜெசியின் கையைச் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு டெம்போவுக்கு ஓடினார்.

அம்மா ஒரு பால்பவுடர் டின்னிலிருந்த பென்சில்களைக் கொட்டினாள். குனிந்து இரண்டு விரல்களையும் பொறுக்கி அதில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். மோதிர விரலும் சுண்டு விரலும். டெம்போவின் பின்பக்கம் காய்ந்த வாழைச் சருகுக்கு நடுவே நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். சித்தி முன்னால் ஜெசியை மடியில் வைத்திருந்தாள். அப்பா வழிமுழுக்க ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஒட்டவைக்க முடியாது என்றார்.

சித்தப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா செயினால் அவர் தலையிலும் முதுகிலும் அடித்தார். அப்பா இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார். தலையைக்கூட மறைக்கவில்லை. அதுதான் சித்தப்பாவை இன்னும் வெறி ஏற்றியது. "கைய ஓங்குலே, கைய ஓங்கு" என்று அழுதுகொண்டே அடித்தார். அண்ணனை 'லே' போட்டு அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். நான்குபேர் சேர்ந்து அவரைப் பிடித்தபோது அப்பாவின் ஒரு காது பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் போலீஸ் ஏட்டு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்கும் முன்னால் சித்தி எழுந்தாள்.

"கதவு பழசு சார். சிதல் பிடிச்சது. பிள்ளைக்க கைமேல விழுந்துட்டு."

ஏட்டு அப்பாவின் சட்டையைப் பார்த்தார். "ஆரு கண்டது?"

"நான் கண்டேன்" என்றாள் அம்மா. நெற்றியில் கதவு பதித்த தழும்பு இன்னும் மறைந்திருக்கவில்லை.

ஏட்டு எழுதிக்கொண்டு போனார். சித்தி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"அத்தான், நான் கேசு குடுக்கல்ல. உங்கள ஜெயிலுக்கு அனுப்பினா, நீங்க வெளிய வந்த பொறவு எனக்க மாப்பிள உங்க பின்னால கத்தி எடுத்துட்டு வருவாரு, அது வேண்டாம். ஆனா நீங்க இனி அந்த வீட்டுல கிடக்கப்பிடாது. எனக்க பிள்ள அங்க இருக்கது வரைக்கும் வரப்பிடாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ சொன்னதுதான்" என்றாள்.

அப்படித்தான் அப்பா போனார். தக்கலையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கினார். மாதாமாதம் அம்மாவுக்கு ஆள்வசம் பணம் கொடுத்தனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது வேதக்கோயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் டெம்போவை நிறுத்தி நிற்பார், ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு. நான் போய் வாங்கிக்கொள்வேன். ஜெசி எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. ஆனால் சீப்பை இரண்டாகப் பிய்த்துத்தான் தருவார்.

அவர் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். சட்டி விழுந்தால் யாரும் திடுக்கிடாத ஒரு வீட்டில் எப்படித் தூங்குவது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உடைந்த கதவை அம்மாவும் சித்தியும் விறகாகக் கீறினார்கள். அதில் மரச்சீனி வேகவைத்து நாங்கள் நான்குபேரும் தின்றோம். சுவர் வேண்டும் என்று அதன்பிறகு யாரும் பேசவில்லை. வாசல் திறந்தே கிடந்தது. இரண்டு அறையும் சேர்ந்து எனக்கும் ஜெசிக்கும் ஒரே அறையாயிற்று. ஆப்பிள் பெட்டியில் உடையாத ஐந்தையும் பிஸ்கட் தகரங்களையும் சேர்த்து அம்மா மறுபடியும் ஓர் அலமாரி அடித்தாள். இந்தமுறை ஆணி பிடிக்கச் சித்தி இருந்தாள்.

சித்தப்பாவுக்கு அடிக்க அண்ணன் இல்லாமல் போனார். சில மாதம் கழித்துக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சித்தியை அடிக்கத் தொடங்கினார். ஒரு சாயங்காலம் அவள் முதுகில் மிதித்துக்கொண்டிருந்தபோது, அம்மா திறந்த வாசல் வழியாக உலக்கையோடு அந்தப் பக்கம் போனாள். அவர் காலடியில் உலக்கையைத் தரை அதிரக் குத்தினாள்.

"தம்பி, ஒருத்தரப் போக்கியாச்சு. நீரும் போவணுமா?"

சித்தப்பா காலை எடுத்தார். அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் கை ஓங்குவது நின்றது. வாசல் திறந்திருந்ததால் என்று அம்மா சொல்வாள். உலக்கையால் என்று சித்தி சொல்வாள்.

ஜெசி மூன்று விரலால் எழுதப் பழகினாள். என்னைவிட நல்ல கையெழுத்து. இப்போது மஸ்கட்டில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். அப்பா டெம்போவிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். சித்தப்பா முன்னால் நின்று சவப்பெட்டியைத் தூக்கினார். பிறகு அவரும் போனார். அம்மாவும் சித்தியும் கடைசிவரை அந்த வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நானும் ஜெசியும் வீட்டை மொத்தமாகவே விற்றோம். இரண்டு பத்திரத்திலும் இரண்டுபேரும் கையெழுத்துப் போட்டோம்.

போன விடுமுறைக்கு ஜெசி வந்திருந்தாள். போய்ப் பார்க்கலாமா என்றாள். போனோம். வீடு நின்ற இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருந்தது. பலாமரம் இல்லை. கிணறு இல்லை. வேலிப் பக்கத்து ரப்பர் தோட்டமும் இல்லை. தரை முழுக்கச் சிமெண்ட் கட்டை பதித்திருந்தார்கள். நடு அறை எங்கே இருந்திருக்கும் என்று இரண்டுபேரும் தேடினோம். அவள் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினாள். நான் அதற்கு இரண்டு கார் தள்ளிக் காட்டினேன். காலடி வைத்து அளந்து பார்த்தோம். எங்கிருந்து அளப்பது என்று தெரியவில்லை.

அங்கே நிற்கும்போதுதான் சொன்னேன். ஏன் அவ்வளவு வருடம் பிடித்தது என்று கேட்காதீர்கள்.

"ஜெசி, அன்னைக்கு உனக்க விரல நான் கண்டேன். கத்தல்ல."

அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அறிவேன்" என்றாள். "பலகைக்கு அடிவழியா நான் உனக்க கண்ணத்தான் பாத்துட்டுக் கிடந்தேன்."

"பின்ன ஏம்ட்டி கைய எடுக்கல்ல?"

"உனக்க வாயெல்லாம் ரத்தம். நான் விட்டா ஓட்டை தெரியும், உன்ன இன்னும் அடிப்பாருண்ணு நெனச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நமக்குப் பன்னிரண்டு வயசு பிள்ளே" என்றாள்.

மண்டபத்தில் மேளம் தொடங்கியிருந்தது. காக்கிச் சட்டைபோட்ட காவலாளி விசிலோடு எங்களை நோக்கி வந்தார். "பெண்ணு வீட்டு ஆளா, மாப்பிள வீட்டு ஆளா? இங்கன நிக்காதீங்கம்மா, வண்டி வருது."

ஜெசி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு வேன் பின்னோக்கி வந்து நின்றது. அதிலிருந்து பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள்.